எல்லை அழிந்தால் வாருங்கள்

டமாஸ்கஸ், கனவாத் தெரு
1924 பிப்ரவரி 12

அன்புள்ள ஸுப்ஹி அண்ணனுக்கு,

உங்கள் இரண்டு கைகளையும் முத்தமிட்டுத் தங்கை பஹீஜா எழுதுவது. முதுகு வலி குறைந்ததா? ஃபஹீமா அண்ணியின் இருமல் நின்றதா? ஸனிய்யா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? இங்கே இறைவன் அருளால் நாங்கள் எல்லோரும் நலம். குளிர் மட்டும் எலும்புவரை போகிறது.

சுற்றி வளைத்துப் பேசுவது உங்கள் உத்தியோகம், எனக்கு வராது. அதனால் நேராகவே சொல்லிவிடுகிறேன். நம் ஸனிய்யாவை என் முனீருக்குப் பெண் கேட்டு வரப்போகிறோம்.

முனீரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. என் வீட்டுக்காரரின் அக்கா மகன், தாயும் தகப்பனும் போன பிறகு ஏழு வயதிலிருந்து நான் வளர்த்த பிள்ளை. இன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியார். போன அக்டோபரில் என்னோடு உங்கள் வீட்டுக்கு வந்தானே, அப்போது அலெப்போ நாட்டின் எல்லை எந்தக் கிராமத்தோடு முடிகிறது என்று நீங்களும் அவனும் மூன்று மணி நேரம் சண்டை போட்டீர்கள். சண்டையின் நடுவே கதவுக்குப் பின்னால் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. உங்களுக்குக் கேட்டிருக்காது. நீங்கள் பேசிக்கொண்டிருந்தீர்கள்.

திரும்பி வரும்போது ரயிலில் ரயாக் ஜங்ஷன் வரைக்கும் முனீர் வாயே திறக்கவில்லை. வண்டி மாறும்போதுதான் கேட்டான். "அத்தை, அந்தக் கதவுக்குப் பின்னால சிரிச்சது யாரு?"

"பூனை" என்றேன்.

"அப்ப அந்தப் பூனைக்கு என்ன பேரு?"

அதோடு விட்டேன். ஆனால் போன வாரம் உங்கள் மகள் எனக்கு எழுதிய கடிதத்தின் கடைசியில், "அத்தை, உங்கள் வீட்டில் பழைய பூகோளப் புத்தகம் ஏதாவது கிடந்தால் அனுப்புங்கள்" என்று ஒரு வரி. தையல் படிக்கச் சொன்னாலே தலைவலி என்று படுத்துக்கொள்கிறவள் அவள். இதற்கு மேல் நான் என்ன விளக்க வேண்டும்?

மார்ச் நடுவில் நாலு பேராக வருகிறோம். அண்ணியின் கண்களுக்கு என் முத்தம்.

உங்கள் பஹீஜா


அலெப்போ, ஜல்லூம்
1924 பிப்ரவரி 23

தங்கை பஹீஜாவுக்கு,

நலம், நலமே நாடுவது. உன் பன்னிரண்டாம் தேதிக் கடிதம் கிடைத்தது. அதில் கண்ட விஷயங்கள் கவனிக்கப்பட்டன. நேராக உட்கார்ந்தால் முதுகு வலிப்பதில்லை. நான் நேராகத்தான் உட்காருகிறேன்.

விருந்தினராக நீங்கள் வருவதற்கு எந்தத் தடையும் இல்லை. என் தங்கை வீட்டாருக்கு என் வாசல் எப்போதும் திறந்தே இருக்கும். ஆனாலும் நாலு வருடமாக நாம் தனி நாடு என்பது உன் நினைவில் இருக்கட்டும். அலெப்போ அரசின் செயலகத்தில் கடிதப் பிரிவுக்குத் தலைவன் நான். நான் கையெழுத்திடும் ஒவ்வொரு தாளின் தலையிலும் "அலெப்போ அரசு" என்று அச்சடித்திருக்கிறது. உங்கள் தாளில் "டமாஸ்கஸ் அரசு" என்று இருக்கிறது. நடுவே கூட்டாட்சி என்று ஒன்றை வைத்தார்கள். அதற்குத் தாள் வந்தது, வேலை வரவில்லை. இதையெல்லாம் உன் பூகோள வாத்தியார் அறிவார்.

ராகிப் மச்சானுக்கு என் ஸலாம். ரயிலில் கம்பளி போர்த்திக்கொண்டு வரவும்.

ஸுப்ஹி

(அம்மா சொல்லச் சொல்ல ஸனிய்யா ஓரத்தில் எழுதுவது: நாத்தனாரே, தைரியமா வாங்க. சீமை மாதுளை போட்டு கறி உருண்டை, அதான் கிப்பே, பண்ணி வைக்கிறேன். இவர நான் பாத்துக்கறேன். புத்தகம் வந்து சேந்துச்சு, ரெண்டு தடவை படிச்சாச்சாம்.)


டமாஸ்கஸ்
1924 மார்ச் 22

அண்ணனுக்கு,

நலமாகத்தான் இருப்பீர்கள். நாங்கள் வீடு வந்து சேர்ந்தோம், நலமாக இல்லை.

நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆனால் நீங்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தீர்கள், நாங்கள் பெண்கள் மரச்சட்டத் தடுப்புக்குப் பின்னால் நின்றோம். எங்கள் பக்கத்திலிருந்து எப்படி இருந்தது என்று கேளுங்கள்.

பெண் கேட்டு வருகிறவர்கள் முன்னால் வைத்த காப்பியைத் தொடக் கூடாது. ஏன் குடிக்கவில்லை என்று வீட்டுக்காரர் கேட்க வேண்டும். எங்களுக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது, வழி சொன்னால்தான் குடிப்போம் என்று வந்தவர்களில் மூத்தவர் சொல்ல வேண்டும். குடியுங்கள், தந்தாயிற்று என்று பதில் வர வேண்டும். பால்குடிப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த முறை. ஆனாலும் எனக்கு என் வீட்டுக்காரர்மேல் நம்பிக்கை கிடையாது. ரயில் முழுக்க இதையே சொல்ல வைத்துக் கூட்டி வந்தேன். "நான் என்ன குழந்தையா" என்று என்மேல் எரிந்து விழுந்தார்.

அன்றைக்குப் பனியால் வண்டி ஒன்பது மணி நேரம் தாமதம். வழியில் ஒரு வாய் காப்பி கிடையாது. வந்து உட்கார்ந்ததும் ஏலக்காய் மணக்க மணக்கக் கோப்பையை முன்னால் வைத்தீர்கள். வைத்துவிட்டு, அலெப்போவின் நிர்வாகம் டமாஸ்கஸின் நிர்வாகத்தைவிட எப்படி மேல் என்று முக்கால் மணி நேரம் பேசினீர்கள். ஏன் குடிக்கவில்லை என்று மட்டும் கேட்கவே இல்லை. என் வீட்டுக்காரருக்குக் கண் சொருகியது. கை தானாகப் போனது. ஒரே மடக்கு.

எங்களோடு வந்த முனீரின் பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் பக்கத்திலிருந்து தொடையில் கிள்ளினார். அதற்கப்புறம்தான் இவருக்கு உறைத்தது. சும்மா இருந்திருக்கலாம். இன்னொரு கோப்பை வாங்கி வைத்துக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று நினைத்தாராம். "மச்சான், இன்னொண்ணு கிடைக்குமா?" என்று நீட்டினார்.

அப்போது உங்கள் முகத்தில் வந்த சிரிப்பை நான் பார்த்தேன்.

"தாராளமா குடிங்க மச்சான். சும்மா பாத்துட்டுப் போக வந்தவங்களுக்குக் காப்பி குடுக்க எங்க வீட்டுல என்ன குறைச்சல்?"

சும்மா பார்க்க வந்தவர்கள் என்று ஆனபிறகு யார் வாயைத் திறப்பது? ஸனிய்யா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தப் பிடி விட்டுப்போனது எனக்குத் தெரிந்தது.

வாசலில் தலைமையாசிரியர் பொறுக்க மாட்டாமல் "ஐயா, நாங்க வந்த காரியம்..." என்று இழுத்தார். நீங்கள் தெருவே கேட்கும்படி சொன்னீர்கள்: "அலெப்போ ஒரு நாடு, டமாஸ்கஸ் ஒரு நாடு. என் பொண்ண நான் வெளிநாட்டுக்குக் குடுக்கறதா இல்ல. அந்த எல்லை என்னைக்கு அழியுதோ அன்னைக்கு வாங்க. காப்பிய நானே கையில எடுத்துக் குடுக்கறேன்."

எல்லையைப் போட்டவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். நமக்கு ஒரே அப்பா, ஒரே அம்மா. நான் எப்போதிலிருந்து வெளிநாட்டுக்காரி ஆனேன்?

அண்ணிக்கும் ஸனிய்யாவுக்கும் மட்டும் என் முத்தம்.

பஹீஜா


அலெப்போ
1924 ஏப்ரல் 3

தங்கைக்கு,

நலம். நோன்பு பிறக்க இன்னும் மூன்று நாள்தான் இருக்கிறது. நோன்புக்கு முன் மனக்கசப்பைத் தீர்த்துக்கொள்வது நல்லது என்பதால் எழுதுகிறேன்.

முறை என்று ஒன்று இருக்கிறது. அதை மீறியவர் ராகிப் மச்சான், நான் அல்ல. ஒரு கோரிக்கை முறைப்படி முன்வைக்கப்படாதபோது அதற்கு எப்படிப் பதில் சொல்வது? இருபது வருடமாகக் கடிதப் பிரிவில் இருக்கிறேன். வராத கடிதத்துக்கு நான் பதில் எழுதியதில்லை.

ஸனிய்யா நலமாக இருக்கிறாள். என்னோடு பேசுவதில்லை, மற்றபடி நலம். உன் அண்ணி என் சாப்பாட்டில் உப்புப் போடுவதை நிறுத்தியிருக்கிறாள். கேட்டால் "டமாஸ்கஸ் உப்பு, நம்ம நாட்டுக்குள்ள விட மாட்டாங்க" என்கிறாள். டமாஸ்கஸில் உப்பு விளைவதாக நான் கேள்விப்பட்டதில்லை.

ராகிப் மச்சானின் தொடை இப்போது எப்படி இருக்கிறது?

ஸுப்ஹி


டமாஸ்கஸ்
1924 மே 25

மதிப்புக்குரிய ஸுப்ஹி எஃபெந்தி அவர்களுக்கு,

தங்கள் நலம் அறிய ஆவல். நாங்கள் நலம். பெருநாள் நல்லபடி நடந்தது. மழை போதுமான அளவு பெய்தது. வாதுமைப்பழம் இந்த வருடம் பரவாயில்லை. தங்கள் குடும்பத்தார் அனைவருக்கும் எங்கள் வணக்கங்கள்.

இப்படிக்கு,
பஹீஜா


அலெப்போ
1924 ஜூன் 9

பஹீஜா,

உனக்கு உடம்பு சரியில்லையா?

உன் கடிதத்தை நாலு தடவை படித்துவிட்டேன். ஒரு திட்டு இல்லை. ஒரு குத்தல் இல்லை. என்னை எஃபெந்தி என்று எழுதியிருக்கிறாய். நான் தினமும் படிக்கிற அலுவலகக் கடிதங்களில்கூட இதைவிடச் சூடு இருக்கும். தயவுசெய்து நாலு வார்த்தை திட்டி எழுது. இல்லாவிட்டால் மருத்துவரிடம் காட்டு.

நான் ஒரு வாரம் காய்ச்சலாகப் படுத்திருந்தேன். இப்போது சரியாகிவிட்டது. படுத்திருந்தபோது ஸனிய்யா கஞ்சி கொண்டு வந்து கொடுத்தாள். பேசாமலேயே கொடுத்தாள். அவள் அறைச் சுவரில் ஒரு வரைபடம் ஒட்டியிருக்கிறாள், கையால் வரைந்தது. அலெப்போவுக்கும் டமாஸ்கஸுக்கும் நடுவே கோடு இல்லை. "இதுல எல்லை எங்கம்மா?" என்றேன். மூன்று மாதத்தில் முதல் தடவையாக வாயைத் திறந்தாள்.

"மறந்துட்டேம்பா."

முழுப் பூகோளப் புத்தகத்தையும் மனப்பாடம் செய்தவள் அவள்.

பதில் எழுது.

ஸுப்ஹி


டமாஸ்கஸ்
1924 ஜூலை 30

அன்புள்ள அண்ணா,

கைகளை முத்தமிட்டு எழுதுகிறேன். காய்ச்சல் வந்ததை ஒரு வாரம் கழித்தா சொல்வார்கள்? பிடிவாதக்காரர், வறட்டுக் கௌரவம், வாயில் ஈ போனாலும் அதற்கு முறைப்படி மனு வேண்டும் என்பவர். போதுமா? இன்னும் வேண்டுமானால் அடுத்த கடிதத்தில்.

எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. கோபம்தான். கோபத்தில் நான் மரியாதையாக எழுதுவேன் என்று உங்களுக்குத் தெரியாதா?

இங்கே ஒரு கூத்து. பள்ளிக்கூடச் சுவரில் முனீர் வண்ணத்தில் தீட்டிய பெரிய வரைபடம் இருக்கிறது. நாலு வருடத்தில் அதை நாலு தடவை அழித்து எழுதிவிட்டான். முதலில் எல்லாம் ஒரே நிறம். அப்புறம் துண்டு துண்டாக, ஆளுக்கொரு நிறம், ஆளுக்கொரு கொடி. அப்புறம் கூட்டாட்சி என்று புள்ளிக்கோடு. வருடக் கடைசியில் பள்ளிக்கூடத்தைச் சோதனை போட ஒரு பிரெஞ்சு அதிகாரி வந்தாராம். ஒரு பையனை எழுப்பி, "உன் நாடு எது?" என்று கேட்டார். அவன் எழுந்து நின்று, "ஐயா, போன மாசத்துக் கணக்கா, இந்த மாசத்துக் கணக்கா?" என்றானாம். முனீருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அதிகாரி முனீரின் பெயரைக் குறித்துக்கொண்டு போயிருக்கிறார்.

அது போகட்டும். சும்மா ஒரு விஷயம் கேட்கிறேன். உங்கள் தெருவின் மேற்குக் கோடியில் ஒரு ஆண்கள் பள்ளிக்கூடம் இருந்ததே, இன்னும் நடக்கிறதா? அங்கே பூகோளத்துக்கு ஆள் இருக்கிறாரா? உங்கள் வீட்டு மாடி அறையில் மழைக்காலத்தில் ஒழுகுகிறதா? சும்மாதான் கேட்கிறேன்.

பஹீஜா


அலெப்போ
1924 அக்டோபர் 11

அன்புத் தங்கைக்கு,

நலம். பதில் தாமதமானதற்கு அலுவலகக் குழப்பம் காரணம். இத்துடன் ஒரு கூடை புதுப் பிஸ்தா வருகிறது. தோல் மெல்லியது, கையாலேயே உரிக்கலாம். மச்சானிடம் மொத்தமாகக் கொடுத்துவிடாதே.

பள்ளிக்கூடம் இருக்கிறது. பூகோளத்துக்கு ஒரு கிழவர் இருக்கிறார், வருட முடிவில் ஓய்வு பெறுகிறார். மாடி அறை ஒழுகாது. எதற்குக் கேட்கிறாய் என்று எனக்குப் புரியவில்லை.

ஊரில் ஏதேதோ பேச்சு. அலெப்போவையும் டமாஸ்கஸையும் சேர்த்துவிடப் போகிறார்களாம். செயலகத்தில் பாதிப் பேர் முகம் தொங்கிப்போய் நடக்கிறார்கள். எனக்கு அதில் கருத்து எதுவும் இல்லை.

சும்மா சில விவரங்கள் தேவை. உங்கள் பகுதியில் வீடுகளுக்குள் தண்ணீர் வருகிறதா, எடுத்து வர வேண்டுமா? நம் ஊர் லாரல் சோப்பு அங்கே கிடைக்குமா? முதுகு வலி உள்ளவர்களுக்கு அந்தக் குளிர் ஒத்துக்கொள்ளுமா? அலுவலக நண்பர் ஒருவருக்காகக் கேட்கிறேன்.

ஸனிய்யா இப்போது பேசுகிறாள். உப்பும் வந்துவிட்டது.

ஸுப்ஹி


அலெப்போ
1924 டிசம்பர் 10

பஹீஜா,

உன் பதிலுக்குக் காத்திருக்காமல் எழுதுகிறேன். உத்தரவு வந்துவிட்டது. ஜனவரி முதல் தேதியிலிருந்து அலெப்போ அரசும் கிடையாது, டமாஸ்கஸ் அரசும் கிடையாது. இரண்டும் சேர்ந்து சிரியா.

அந்த உத்தரவை நகல் எடுத்து எல்லா இலாகாவுக்கும் அனுப்பிய கை இந்தக் கைதான். பன்னிரண்டு நகல். ஏழாவது நகல் எழுதும்போதுதான் வாசலில் நான் தெருவே கேட்கச் சொன்னது நினைவுக்கு வந்தது.

எனக்கு நினைவுக்கு வருவதற்கு முன்னாலேயே ஊருக்கு வந்துவிட்டிருக்கிறது. சாயங்காலம் வீடு திரும்பும்போது கசாப்புக்கடைக்காரர் கடையை விட்டு இறங்கி வந்து, "எஃபெந்தி, எல்லை அழிஞ்சிருச்சாமே, வாழ்த்துக்கள்" என்றார். பேக்கரிக்காரர் சொன்னார். முடி வெட்டுகிறவர் சொன்னார். பிரெஞ்சுக்காரர்களை இத்தனை நாள் வாய் ஓயாமல் திட்டிய தொழுகை அழைப்பாளர்கூட, "அவங்க செஞ்சதுல இது ஒண்ணு உருப்படி" என்று சிரித்துவிட்டுப் போனார். வீட்டுக்குள் நுழைந்தால் உன் அண்ணி காப்பிக் கோப்பைகளைக் கழுவிக் காய வைத்திருக்கிறாள். எண்ணிப் பார்த்தேன், பதினெட்டு.

சொன்ன வார்த்தை சொன்னதுதான். வாருங்கள்.

ஸுப்ஹி


டமாஸ்கஸ்
1925 ஜனவரி 6

என் அருமை அண்ணாவுக்கு,

உங்கள் கைகளையும் நெற்றியையும் முத்தமிட்டு எழுதுகிறேன். சுகமாக வந்து சேர்ந்தோம். எனக்கு இன்னும் தொண்டை கட்டியிருக்கிறது. அவ்வளவு குலவை போட்டிருக்கிறேன்.

இந்த முறையும் மரச்சட்டத் தடுப்புக்குப் பின்னாலிருந்து நாங்கள் பார்த்ததைச் சொல்கிறேன். என் வீட்டுக்காரர் வழியில் ஹமா ஸ்டேஷனில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன் என்றார், பழக்கமாகிவிடுமாம். உங்கள் கூடத்தில் வந்து உட்கார்ந்ததும் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். நீங்கள் எழுந்து கோப்பையை எடுத்து அவர் கையிலேயே கொடுக்கப் போனீர்கள்.

"குடிங்க மச்சான், தந்தாச்சு."

"அதெப்படி? நாங்க இன்னும் கேக்கவே இல்லையே. கேட்டப்புறம் சொல்லுங்க."

"அதான் தெரியுமே மச்சான், எதுக்கு வந்தீங்கன்னு."

"வராத கடுதாசிக்கு நீங்க பதில் எழுத மாட்டீங்களாம். நான் முறையா கேப்பேன்."

ஆதமிலிருந்து ஆரம்பித்தார். அரை மணி நேரம். உங்கள் வம்சம், எங்கள் வம்சம், இரண்டு ஊரின் பெருமை, முனீரின் குணம், ஸனிய்யாவின் கிப்பே. காப்பி ஆறிப் பனிக்கட்டியாகிவிட்டது. அப்புறம் நீங்கள் தந்தாச்சு என்றதும் பதினெட்டுப் பேரும் அந்த ஆறின காப்பியை ஒரே நேரத்தில் குடித்தது எவ்வளவு அழகாக இருந்தது. ஸனிய்யா என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது. இன்னும் வடு இருக்கிறது, முனீரிடம் காட்டினேன். அதை அவன் வரைபடத்தில் மலையையும் நதியையும் பார்ப்பது மாதிரி பார்த்துக்கொண்டிருந்தான்.

பிப்ரவரி பன்னிரண்டு, வியாழக்கிழமை கல்யாணம். அங்கே நிக்காஹ், மறுநாள் ரயிலில் பெண்ணை அழைத்து வருவது. நீங்கள் ஒரு வார்த்தை மறுக்காமல் தலையாட்டினீர்கள். எனக்கே ஆச்சரியம். வேறு ஒரு செய்தியும் இருக்கிறது, கல்யாணத்தன்று சொல்கிறேன்.

பஹீஜா


அலெப்போ
1925 ஜனவரி 29

பஹீஜா,

உன் வேறு செய்தி நேற்றுக் காலை பத்து மணிக்கு என் வாசலில் வந்து நின்றது.

அந்த நேரத்தில் வாசலில் இரண்டு மாட்டுவண்டிகள் நின்றுகொண்டிருந்தன. என் மேசை, செம்புப் பாத்திரங்கள், மெத்தைகள், உன் அண்ணியின் ஊறுகாய் ஜாடிகள் எல்லாவற்றையும் சரக்கு ரயிலுக்கு ஏற்றிக்கொண்டிருந்தோம். சுமைக்காரர் ஒரு படுக்கைச் சுருளைத் தூக்கி வண்டியில் போட்டார்.

"அண்ணே, அது என்னோடதுங்க. இறக்கிருங்க."

"இந்த வாசல்ல இருக்கறதெல்லாம் ஏத்தணும்னு உத்தரவு. தள்ளுப்பா."

திரும்பினேன். முனீர், கையில் சுருட்டிய வரைபடத்தோடு.

"நீ எங்கப்பா இங்க? கல்யாணத்துக்கு இன்னும் ரெண்டு வாரம் இருக்கே."

"மாமா, எனக்கு இங்க மாத்தலாயிடுச்சு. உங்க தெருக்கோடிப் பள்ளிக்கூடம்தான். ஒண்ணாந்தேதி சேரணும். அரசு வேற வேறயா இருந்தப்ப கேக்க முடியல, இப்ப கேட்டேன், குடுத்துட்டாங்க. ஸனிய்யாவ உங்ககிட்டேர்ந்து பிரிக்க வேணாம்னு... கல்யாணத்தன்னைக்குச் சொல்லலாம்னு அத்தை சொன்னாங்க, ஒரே தெருவுல இருந்துகிட்டு எப்படி மறைக்கறது?" பிறகு வண்டியைப் பார்த்தான். "இந்தச் சாமானெல்லாம் எங்க போகுது மாமா?"

"டமாஸ்கஸுக்கு."

"யாரு போறாங்க?"

"நான்தான்."

அக்டோபரிலேயே பெயர் கொடுத்துவிட்டேன் பஹீஜா. செயலகம் டமாஸ்கஸுக்குப் போகும், விருப்பமுள்ளவர்கள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். முதல் பெயர் என்னுடையது. சோப்பும் தண்ணீரும் விசாரித்த அந்த நண்பர் நானேதான். உன் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு பிடித்திருக்கிறேன். கல்யாணத்தன்று சொல்லி உன்னை அசத்தலாம் என்றிருந்தேன்.

முனீர் ஊறுகாய் ஜாடிமேல் உட்கார்ந்துவிட்டான். நான் வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உன் அண்ணி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "வாய் கிழியப் பேசறவங்க ரெண்டு பேரு, பேச வேண்டியத மட்டும் பேச மாட்டாங்க" என்றாள். மாடியில் ஸனிய்யா சிரிக்கிற சத்தம் கேட்டது. அந்தச் சிரிப்பு இந்தத் தடவை எனக்கும் கேட்டது.

என்ன செய்வது என்று ஒரு மணி நேரம் பேசினோம். என் கையெழுத்தைத் திரும்ப வாங்க முடியாது, இங்கே என் இடமே இப்போது இல்லை. கோடை விடுமுறை வரை முனீரைப் பள்ளிக்கூடத்தார் விட மாட்டார்கள். கடைசியில் ஸனிய்யா இறங்கி வந்தாள்.

"அப்பா, ஒரு மெத்தைய மட்டும் இறக்கச் சொல்லுங்க. மத்ததெல்லாம் போகட்டும்."

"நீ?"

"நான் இங்கதான் இருப்பேன், இவரு இங்கதான வேலைக்கு வந்திருக்காரு. நீங்களும் அம்மாவும் அத்தை பக்கத்துல போய் இருங்க. இப்ப என்ன, ஒரே நாட்டுக்குள்ளதானே."

சுமைக்காரர்கூடச் சிரித்துவிட்டார்.

ஆக, என் பெண் என் வீட்டிலேயே இருக்கிறாள், நான் டமாஸ்கஸுக்கு வாழ்க்கைப்பட்டுப் போகிறேன்.

இனி மறைக்க ஒன்றும் இல்லை. எல்லை, அரசு, தாளின் தலைப்பு எல்லாம் சாக்கு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஆறில், புது ரயில் விட்ட அந்தக் குளிர்காலத்தில் நீ கல்யாணமாகிப் போனாய். நான் ஸ்டேஷனுக்கு வரவில்லை, வேலை இருக்கிறது என்றேன். வேலை எதுவும் இல்லை. மேசையில் உட்கார்ந்து ஒரே தாளை ஒன்பது தடவை நகல் எடுத்தேன். அன்றிலிருந்து பதினெட்டு வருடமாக உனக்கு நலமா, நலமா என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். அப்பா சாவுக்கு ஒரு தடவை, போன வருடங்களில் நாலைந்து தடவை, அவ்வளவுதான் உன் முகத்தைப் பார்த்தது. இன்னொருத்திக்கும் இப்படி நலமா என்று எழுதிக்கொண்டே கிழவனாக என்னால் முடியாது என்றுதான் அன்று காப்பியைப் பிடித்துக்கொண்டேன். மச்சானிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

ஸுப்ஹி


டமாஸ்கஸ்
1925 பிப்ரவரி 3

அண்ணா,

நீங்கள் ஸ்டேஷனுக்கு வருவீர்கள் என்று வண்டி நகரும்வரை நான் ஜன்னலை விட்டு எழுந்திருக்கவில்லை. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத மாட்டேன், எழுதினால் தாள் நனைகிறது.

முனீர் போன அன்று அவன் அறையைப் பெருக்கலாம் என்று போனேன். பெருக்கவில்லை. துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு மத்தியானம் வரை அவன் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். பதினேழு வருடம் வளர்த்த பிள்ளையை உங்கள் ஊருக்குத் தந்தது நான்தான். அவன் கேட்டதும் போ என்று சொன்னதும் நான்தான். ஸனிய்யா உங்களை விட்டு வருவதை நினைத்தால் எனக்கு அந்த ரயில் ஜன்னல் ஞாபகம் வந்துகொண்டே இருந்தது.

உங்கள் கடிதத்தை என் வீட்டுக்காரருக்குப் படித்துக் காட்டினேன். சிரித்துச் சிரித்து அவருக்கு விக்கல் வந்துவிட்டது. மன்னிப்பு முறைப்படி நேரில் கேட்கப்பட வேண்டும் என்கிறார்.

கல்யாணத்துக்குப் பதினொரு பேர் வருகிறோம், மேளக்காரர்கள் தனி. இங்கே தெருவில் எல்லோரும் கேட்கிறார்கள், பெண் அங்கேயே இருக்கப்போகிறாள் என்றால் மறுநாள் அழைத்து வரும் ஊர்வலம் எதற்கு என்று. திரும்பும் வண்டிக்குப் பெட்டி பேசியாயிற்று, மேளத்துக்கும் சொல்லியாயிற்று. நான் எதையும் நிறுத்தவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் தயாராக இருங்கள். மேளத்தோடும் குலவையோடும் உங்கள் வாசலுக்கு வருவோம். மாப்பிள்ளை வீட்டார் அழைத்துப்போக வந்தது யாரை என்று உங்கள் தெருவில் கேட்டால், நானே முன்னால் நின்று சொல்கிறேன், என் அண்ணனை என்று.

பஹீஜா